ஆற்றுவாய் வெட்டும் மாரி

நேற்று கண்டி வாவியைத் துப்புரவாக்கத் தண்ணீரை வடித்திருந்தார்கள். அந்த அடிச்சேற்று வாசம் என்னை மட்டக்களப்பு வாவிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. மாரியில் எங்கள் வாவி நிரம்பி, கடலை மறித்துக் கிடக்கும் மணல்திட்டில் முட்டி நிற்கும். அந்தத் திட்டை வெட்டித் திறப்பதுதான் ஆற்றுவாய் வெட்டுவது. வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விடும், வெட்டாவிட்டால் வயல் அழுகிவிடும். அம்மா வயல்காரர் வீட்டுப் பெண், அப்பாவோ வாவியில் வலை வீசுகிறவர். ஆகவே கிடுகுக் கூரையில் மழை அறையும் ஒவ்வொரு மாரியிலும், சுளகில் அரிசி புடைத்தபடியே அம்மா கேட்பாள்:

"ஆத்துவாய இன்னும் வெட்டல்லையா?"

கிழிந்த வலையிலிருந்து கண்ணெடுக்காமல் அப்பா, "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார்.

"உங்களுக்கு உங்கட றால்தான் பெரிசு."

போரில் அப்பாவும் வீடும் போனபின், அம்மாவும் நானும் கண்டி மஹய்யாவவில் ஒரு வாடகை அறைக்கு வந்து சேர்ந்தோம். கடலே தெரியாத இந்த மலையூரில் மழை பிடித்தால், அம்மா யன்னலைப் பார்த்து அதையே கேட்கிறாள்; கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

நேற்றும் மழை. அம்மா கேட்டாள். நனைந்த குடையோடு வாசலில் நின்று, "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு உங்கட றால்தான் பெரிசு" என்றாள்.