போனில் போட்ட சீட்டு

கண்டியில் நான் வேலை பார்த்த புடவைக்கடையில் காலையில் உள்ளே போகும்போதே போனைப் பறித்துக்கொள்வார்கள். மேனேஜர் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். கடை சாத்தும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அந்த டின்னைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

காரணம், நான் போனில் பைத்தன் என்ற புரோகிராம் மொழி பழகிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்க வக்கில்லை. வீட்டுக்குப் போகும் வத்தேகம பஸ்ஸில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் வரி வரியாகத் தட்டுவேன். வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி குறைந்தாலும் முழு ஸ்கிரிப்டும் படுத்துவிடும். பகலில் தோன்றும் புரோகிராம் வரிகளைப் புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையில் எழுதி, கவுண்டருக்குக் கீழே ஒளித்து வைப்பேன்.

ஒருநாள் அந்த அட்டை மேனேஜர் கையில் அகப்பட்டது. வேறு கடைக்கு ஸ்டொக் விவரம் எழுதிக் கொடுக்கிறேன் என்று, சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால் கத்தி, அதை நாலாகக் கிழித்தார். அந்த மனிதரை நான் மனதார வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன். என்னோடு சேலைப் பக்கம் நின்ற, கலஹாவிலிருந்து வரும் அக்காதான் துண்டுகளைப் பொறுக்கி, டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் அழுததை மட்டும் பார்த்தார்.

தீபாவளி வந்தது. அன்றும் கடை திறக்கும். மேனேஜரின் கொழுந்தியாவும் நானும் உட்பட, தமிழ்ப் பெண்கள் ஒன்பது பேரில் இரண்டு பேர் வேலைக்கு வர வேண்டும். யார் என்று சீட்டுக் குலுக்குவது வழக்கம். அக்காவின் மகளுக்கு அது தலைத்தீபாவளி. மருமகன் வருகிறார் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை.

முந்தின வருஷம் சீட்டை மடித்ததிலேயே கள்ளம் என்று சண்டை வந்திருந்தது. அட்டையில் இருந்தது என்ன என்று அதற்குள் யாரோ மேனேஜருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டு, இந்த முறை போனிலேயே சீட்டுக் குலுக்கச் சொல்லி, டின்னிலிருந்து என் போனை எடுத்துத் தந்தார். பெயர்களைப் போட்டால் இரண்டைத் தானாகப் பொறுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை அரை மணி நேரத்தில் எழுதினேன். மேனேஜர் என் பின்னால் வந்து குனிந்தார்.

“என் கொழுந்தியா பேர எடுத்துடு. ஒன் பேரையும் எடுத்துக்க. யாருக்குத் தெரியப் போகுது?”

ஆத்திரத்துக்கு எனக்கு என்றும் பஞ்சமில்லை. அன்று அது எங்கே போய்த் தொலைந்ததோ. எனக்கு லீவு வேண்டியிருந்தது. இரண்டு பெயர்களையும் அழித்தேன்.

எல்லோரும் சுற்றி நிற்கத் திரையைத் தட்டினேன். பஸ்ஸில் எத்தனையோ தடவை சிவப்பு எழுத்தில் பிழை காட்டிய போன், அன்று ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. இரண்டாவதாக வந்த பெயர் அக்காவுடையது.

முணுமுணுத்தவர்களை அக்காவே அடக்கினார். போன் ஆள் பார்த்துச் செய்யாது என்றார். பிறகு சேலை ஒன்றை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“ஒன் பேரும் அதுக்குள்ளதானே இருந்துச்சு, புள்ள?”

“இருந்துச்சுக்கா,” என்றேன்.