மனசு நோகாத பதில்

கணபதி ஏரியாவில் நாங்கள் வேலை பார்த்த பம்ப் பட்டறையில் இங்கிலீஷ் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். ஆனால் இங்கிலீஷ் கடிதத்தின் உள்ளர்த்தம், எட்டாவதோடு நின்றுவிட்ட லேத் ஆபரேட்டர் திருமலைசாமிக்குத்தான் சட்டென்று பிடிபடும். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு, மறைப்பானேன்.

மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறப்பதற்கு முன்னால், இங்கிலீஷ் சொலவடைகளை எழுதிவைக்கும் நோட்டைத் திறப்பார்.

"ஏனுங்க சாஜிதா அம்மணி, பக்கெட்டை உதைச்சான்னா என்னங்க?"

செத்துப்போனான் என்று அர்த்தம் என்பேன். "அட, மண்டையப் போட்டான்!" என்று எழுதிக்கொள்வார். சுலபமான வேலையை இங்கிலீஷ்காரர்கள் கேக் துண்டு என்கிறார்கள் என்றால், நமக்கு அது அல்வா சாப்பிடற மாதிரி என்பார். வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் பலகாரம்தான் வேறயாம்.

தொண்ணூற்று நாலில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் பம்ப் ஆர்டர் கேட்டு எழுதியிருந்தோம். உங்கள் கோரிக்கையைக் கட்டாயம் மனதில் வைத்திருப்போம் என்று பதில் வந்தது. முதலாளியிடம் நல்ல சேதி சொல்ல ஓடினேன். விஷயத்தைக் கேட்ட திருமலைசாமி மறித்தார்.

"வேண்டாங்கறதைத்தான் மனசு நோகாம சொல்லியிருக்காங்க அம்மணி. பொண்ணு பாக்க வந்தவங்க, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறோமுங்கன்னு கெளம்புவாங்கல்ல, அதேதான்."

அவர் சொன்னபடியே ஆர்டர் வரவில்லை.

அந்த உதாரணம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அவர் மகள் சண்முகப்ரியாவை அதுவரை நாலு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐந்தாவதாகக் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்து, "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்று கிளம்பினார். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை என்று திருமலைசாமி பட்டறை முகவரியைக் கொடுத்திருந்தார். மறுநாளிலிருந்து தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் லேத்தை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். சோறு பாதி அப்படியே திரும்பிப் போகும்.

"அண்ணா, அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு நீங்கதானே..." என்று ஒருநாள் ஆரம்பித்தேன்.

"அது கம்பெனிங்க அம்மணி. இவங்க புள்ளையோட தலையத் தடவிக் குடுத்தாங்க."

ஊர்க் கடிதத்துக்கெல்லாம் அர்த்தம் சொன்ன மனுஷன்!

ஒரு மாதம் கழித்து, ஆர்.எஸ்.புரம் பட்டுக்கடையில் வேலை பார்த்த சண்முகப்ரியா அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு போஸ்ட் கார்டு.

"அப்பா, எப்பவும் அவங்கதான் சொல்லியனுப்போணுமா? இந்தத் தடவை நாமளே எழுதிப்போடலாம். வேண்டாம்னு."

"அவங்க மனசு நோகுமேம்மா."

"நோகாம எழுதுங்க. உங்களுக்கா தெரியாது?"

அவர் கார்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரே வரி எழுதி, பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"உங்க வீட்டு வரனைக் கட்டாயம் மனசுல வெச்சிருக்கோமுங்க."

மகள்தான் முதலில் சிரித்தாள். அவரும் சிரித்தார். கார்டைத் தபால்பெட்டியில் அவரே போட்டுவிட்டு வந்து, அன்றைக்குச் சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.