மாமியார் யார் பங்கு?

என் மகனும் மருமகளும் பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்த அன்றைக்கு வீட்டில் சண்டை எதுவும் இல்லை. போட வேண்டிய சண்டையை எல்லாம் முன்னாலேயே போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

அவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். துறைமுக வரிசையில் நின்று நின்று, வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவள் புளியந்தோப்புப் பெண். அவளுக்குப் பேச்சுக்குப் பேச்சு வேண்டும். இவனிடம் பத்து கேட்டால் ஒரு "ம்" வரும். அவனையும் குறை சொல்ல முடியாது, அவளையும் குறை சொல்ல முடியாது. பிள்ளை குட்டியும் இல்லை. கடைசியில் அவன் மணலி புதுநகரில், லாரி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எர்ணாவூரில் என் பேரில் இருக்கிற குடியிருப்பு வீட்டில் நானும் அவளும் தங்கிப்போனோம்.

அதற்கப்புறம் வீடு கலகலவென்று ஆகிவிட்டது. பெற்றவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான், என்ன செய்ய. அவள் தையல் கம்பெனியிலிருந்து வந்ததும் சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நான் வாயில்லாப் பூச்சி. கடையில் போய் நின்று உப்பு என்று கேட்பதற்குள், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் கூட வந்தால் எனக்கும் சேர்த்து அவளே கேட்டுவிடுவாள்.

அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முறைப்படி எழுதி முடித்துக்கொள்ளலாம் என்று போனிலேயே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் கீழ் வீட்டுக்காரி என் தூக்கத்தைக் கெடுத்தாள். அவள் தம்பிக்கு ஒரு கேஸ் நடந்ததிலிருந்து சட்டம் பூராவும் தனக்குத் தெரியும் என்று அவளுக்கு நினைப்பு.

"யக்கா, விவாகரத்துன்னா மொத்தமா அத்துகினு போறது. புருசன் வூட்டு ஆளுங்களோட ஒட்டிகினு இருந்தா ஜட்ஜு ஒத்துக்க மாட்டாரு. ஒண்ணு அது கெளம்பணும், இல்லாங்காட்டி கேஸு புட்டுக்கும்."

கேஸ் கெட்டுப்போனால் அவள் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கும். கெடாமல் இருக்க வேண்டுமானால் அவள் என்னை விட்டுப் போக வேண்டும். இதை அவளிடம் சொல்லவும் பயம். சொன்னால், "சரி அத்தே, கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டால்?

திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். நானும் அவளும் ஷேர் ஆட்டோவில், அவன் பைக்கில். கூப்பிடுகிற வரைக்கும் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் போய் மூன்று டீ வாங்கிவந்தான்.

"ஒரு வருசமா பிரிஞ்சி கீறோம்னு உள்ள போய் சொல்லணும். டீய குடுத்து காரியத்த கெடுத்துடாத" என்றாள் அவள்.

"வேணாம்னா குடு, நானே துன்றேன்."

"டீய துன்னுவியா நீ? இதுக்கே உனுக்கு விவாகரத்து குடுக்கலாம்."

அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது.

உள்ளே இருந்த வக்கீலம்மா சின்ன வயதுதான். நல்ல பொறுமைசாலி. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலேயே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்களாம். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் சேர்ந்தே ஒரு மனு போட்டால் போதும், ஒருத்தர் மேல் ஒருத்தர் குற்றம் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். மனு போட்ட பிறகு யோசித்துப் பார்க்க ஆறு மாதம் விடுவார்களாம். தீர்ப்புக்கு முன்னால் யாருக்காவது மனசு மாறினால் சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமாம். கல்யாணப் போட்டோ, பத்திரிகை, ஆதார் எல்லாம் எடுத்துவைக்கச் சொன்னார்கள். அம்மா வீட்டில் போட்ட நகையும் சீர் சாமானும் பெண்ணுக்கே சொந்தம், ஜீவனாம்சம் வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"ஊர்ப் பெரியவங்க முன்னாடி ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கிட்டோம், முடிஞ்சிடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது செல்லாது. கோர்ட்டு தீர்ப்பு குடுத்தாத்தான் விவாகரத்து. வேற ஏதாவது கேக்கணுமா?"

அவர்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்கள். இப்போது விட்டால் இனிமேல் கேட்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"சொல்லுங்கம்மா."

"தீர்ப்பு ஆனப்புறம், மாமியார யாருக்குக் குடுப்பாங்க?"

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யார் மாமியாரை?" என்றார்கள்.

"என்னையத்தான். நானும் இதுவும் ஒரே வூட்ல இருந்தா கேஸு புட்டுக்குமாமே."

கீழ் வீட்டுக்காரி சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். மருமகள் வாயைப் பிளந்தபடி நின்றாள். வக்கீலம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"புருஷன் பொண்டாட்டிங்கிற உறவைத்தாம்மா கோர்ட்டு பிரிக்கும். வீடு உங்க பேர்ல இருக்கு, அவர் வேற இடத்துல இருக்காரு. உங்க வீட்ல யார் இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணலாம். நீங்க யார்கூட இருந்தாலும், உங்களைப் பாத்துக்குற பொறுப்பு உங்க மகனை விட்டுப் போகாது. அதுக்கும் சட்டம் இருக்கு."

அப்போதுதான் என் மகன் வாயைத் திறந்தான். "எம்மா, நீ என்னாண்ட வந்துடுவன்னு இல்ல நெனச்சிகினு கீறேன்?"

"ஒன்னாண்ட வந்து? சொவத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவங்களா?" என்று மருமகள் எகிறினாள்.

"எங்க அம்மாடி அது!"

"இருந்துட்டுப் போவட்டும். எனுக்கு அத்தே."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க" என்றார்கள் வக்கீலம்மா. "அவங்க சொல்லட்டும்."

மூன்று முகமும் என் பக்கம் திரும்பியது. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். "நான் எர்ணாவூர்லதான் இருப்பேன். இதுவும் அங்கதான். அதுவா போறேன்னு சொல்ற வரைக்கும்."

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் முந்தானையை இழுத்து நேராக்கிவிட்டாள். மகன் முகம் சுண்டிப்போனது. "அப்ப ஞாயித்துக்கெழம சோத்துக்கு நான் எங்க போறது?" என்றான்.

"வா, துன்ட்டுப் போ" என்றாள் அவள். "நான் ஆக்குனத நொட்டை சொல்லாம துன்னணும்."

தீர்ப்பு வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், சாப்பிடுகிறான், இரண்டு பேரும் லாரி டயரைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள். கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு நாளும் பேசியதில்லை.

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நர்சம்மா சீட்டை வைத்துக்கொண்டு, கூட வந்த அவளிடம் கேட்டார்கள்.

"நீங்க பேஷன்ட்டுக்கு யாரு?"

"மருமவ."

"மகன் வரலியா?"

"அவன் எதுக்குங்க? அவனாண்ட விவாகரத்து வாங்கிட்டேன்."

நர்சம்மாவின் பேனா நின்றுவிட்டது. எங்கே வேறு ஆளைக் கூட்டிவரச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பதறியது. அவள் வாயெடுப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"என்னாண்ட வாங்கலம்மா. மருமவன்னே எழுதிக்கோங்க."