நாற்பதாவது மாடியை வரைந்தவள்

என் அக்கா எந்த கேமை முடித்தாலும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒரு பெயர் விடாமல் படிப்பாள். படம் வரைந்தவர், இசை போட்டவர், பிழை பார்த்தவர், பூனைக்குக் குரல் கொடுத்தவர், எல்லாரையும். நடுவில் கூப்பிட்டால் கையைக் காட்டி இருக்கச் சொல்வாள். "ஏன்க்கா, இவங்கள்ல யாராவது நம்ம வீட்டுக்குச் சம்பந்தம் பேச வரப் போறாங்களா?" என்று நானும் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். திரை கறுத்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. மூக்குக்கண்ணாடிக்கான லென்ஸை ஃபிரேமின் அளவுக்குச் சாணை பிடித்துப் பொருத்துவது. லென்ஸின் நடுவில் மையால் ஒரு புள்ளி வைப்பாள். அது மயிரிழை தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். கடையில் அவளுக்கு 'அளவக்கா' என்றே பெயர். நான் அவள் தங்கை, பஸ் கண்டக்டர். காலையிலிருந்து "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக் கத்தி வீட்டிலும் என் குரல் இறங்காது. கோபமும் கொஞ்சம் அதிகம்தான், மறைப்பானேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் ஜனம் சந்தைக்குப் போகும். அக்கா கம்ப்யூட்டரைத் திறந்து கேம் கடைக்குப் போவாள். அங்கே வாங்கினால் பெட்டியும் வராது, பொட்டலமும் வராது. கேம் நேராக வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து இறங்கும். அந்தக் காலத்துக் கேம்களைத் தூசி தட்டி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி ஆக்கி விற்கிற கடை அது. யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து வருஷக்கணக்கில் செய்த சின்ன கேம்களும் அங்கே கிடைக்கும். அக்கா கத்திரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களில் திட்டுகளை முதலில் படிப்பாள், பாராட்டைப் பிறகு. எதை வாங்கினாலும் டவுன்லோடு செய்து ஒரு ஹார்ட் டிஸ்கில் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்வாள். "கடை இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. நம்ம கையில இருந்தாத்தான் நம்மளது" என்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு, நான் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, "அடியே, இங்க வா!" என்று கத்தினாள். அக்கா கத்தி நான் கேட்டதே இல்லை. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். என் சட்டைக் கையில் பெட்டி சுட்ட முக்கோணம் இன்னும் இருக்கிறது.

கடையில் 'விரைவில்' என்ற பக்கத்தில் ஒரு பழைய கேம் போட்டிருந்தார்கள். பெயர் 'கடைசி விளக்கு'. ஒரு காவல்காரர். நாற்பது மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு அவர் வெளியேற வேண்டும். ஆனால் இருட்டில் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, வைத்தால் அந்த மாடியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே எதை முன்னால் அணைப்பது, எதைப் பின்னால் அணைப்பது என்பதில்தான் சூட்சுமம்.

"இதுல முப்பத்தஞ்சு மாடி நான் வரைஞ்சது" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இருபத்தெட்டு வருஷத்துக் கதையை அன்றுதான் சொன்னாள். அப்போது அவள் ஒரு சின்ன கம்பெனியில் டைப்பிஸ்ட். அங்கே ஒரு புரோகிராமர் இந்த கேமைத் தொடங்கி, ஐந்து மாடியோடு மூளை காலியாகி உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் ஆபீஸ் விளக்குகளை அணைத்துவிட்டுக் கடைசியாகப் போகிறவள் அக்காதான். சாப்பாட்டு நேரத்தில் கட்டம் போட்ட தாளில் அவள் மாடிகளை வரைய ஆரம்பித்தாள். முதலாளி தன் அறைக்குள் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று தாளை மறைத்தாள். அவரோ, "பரவாயில்லையே, இன்னும் வரை" என்றார். வரைந்தாள். கேம் வெளிவரச் சில நாள் முன்னால் தயாரான பட்டியலில் முதலாளி பெயர் இருந்தது, புரோகிராமர் பெயர் இருந்தது, முதலாளியின் மாப்பிள்ளை பெயரும் 'ஆலோசனை' என்று இருந்தது. அக்கா பெயர் இல்லை. கேட்டதற்கு, "டைப்பிஸ்ட் பேரெல்லாம் போட்டா கேமுக்கு மரியாதை இருக்குமாம்மா?" என்று முதலாளி சிரித்திருக்கிறார்.

நான் எகிறினேன். "அந்த ஆளு இப்ப எங்க இருக்கான்?"

"செத்துப் போயிட்டார்டி."

"தப்பிச்சான்!"

அக்கா கோபப்படவில்லை. அன்றே கடைக்கு எழுதினாள். கடையிலிருந்து ஒரு பெண் மரியாதையாகப் பதில் போட்டிருந்தாள். பழைய பட்டியலை அப்படியே போடுவதுதான் வழக்கம். மாற்ற வேண்டுமானால் உரிமைக்காரர்கள் இரண்டு பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒருவர் புரோகிராமர், இன்னொருவர் முதலாளிக்குப் பிறகு அவர் பங்கு கிடைத்த மாப்பிள்ளை. புரோகிராமர் கேட்டதுமே ஒப்புக்கொண்டார். 'அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் பெயர் இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்' என்று எழுதியிருந்தார். மிச்சம் மாப்பிள்ளைதான்.

அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, ஊரே இன்னும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறது. இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எனக்கு லீவு நாளாகப் பார்த்துப் போனோம்.

"நீங்கதான் வரைஞ்சீங்கன்னு என்னம்மா அத்தாட்சி? அந்தத் தாளெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயாச்சு" என்றார்.

"ஒன்பதாவது மாடி நாங்க பொறந்து வளர்ந்த வீடு. குளியலறைக்குப் போக சமையலறையைச் சுத்திக்கிட்டுப் போகணும். இவளைக் கேளுங்க."

"தங்கச்சி சாட்சியா? நல்லா இருக்கும்மா!"

என் தொண்டை அதற்குமேல் பொறுக்கவில்லை. "உங்க பேரு ஆலோசனைன்னு இருக்கே, என்ன சார் ஆலோசனை சொன்னீங்க?" என்று பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் கேட்டேன். கடையே திரும்பியது. மனிதர் பேய் முழி முழித்தார். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். "கத்தினா வேலைக்கு ஆகாது. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அவள் நேராக டைல்ஸ் கடைக்குப் போனாள். மாப்பிள்ளையின் மேஜைக்கு எதிரே, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்கள்தான் அவளைக் கடை ஆள் என்று நினைத்து, "இது நல்லா இருக்குமாம்மா?" என்று கேட்டார்கள். அக்கா பொய் சொல்ல மாட்டாள். டைலைக் கையில் வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இந்த மூலை சதுரமா இல்லைங்க. நாலு வரிசை போனதும் கோடு விலகும்" என்பாள். உண்மையாகவே விலகும். அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. இரண்டாம் நாள் மூன்று பேர் வாங்காமல் போனார்கள், நான்காம் நாள் ஒரு கட்டட மேஸ்திரி பெரிய ஆர்டரையே ரத்து செய்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் அவள் உள்ளே நுழையும்போதே மாப்பிள்ளை கையில் பேனா இருந்ததாம்.

"எங்கேம்மா போடணும்? போட்டுத் தொலைக்கிறேன்."

கையெழுத்து வாங்கி வந்தவள் வீட்டில் வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனையோ வருஷமாகிறது.

கேம் வெளிவந்த அன்று கடைக்காரப் பெண் இலவசமாக ஒரு பிரதி தருவதாக எழுதினாள். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "எல்லாரையும் மாதிரி வாங்கித்தான் பார்ப்பேன்." வாங்கினாள், டவுன்லோடு செய்தாள், ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி போட்டாள்.

"எங்கேக்கா உன் பேரு? காட்டு" என்றேன்.

"நாப்பது மாடியும் முடிச்சாத்தான் பட்டியல் வரும்."

"யாராவது முடிச்சவன் போட்டோ அனுப்ப மாட்டானா?"

"அடுத்தவன் ஏறின மாடியில நான் போய் நிக்கறதா? நானே ஏறிக்கறேன்."

ஏறினாள். தினம் சாயங்காலம் வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் இரண்டு மூன்று மாடி. ஒன்பதாவது மாடி வந்தபோது என்னைக் கூப்பிட்டாள். அப்படியே எங்கள் பழைய வீடு! "குளியலறை விளக்கை நான் அணைக்கறேன்" என்று விசைப்பலகையைப் பிடுங்கி விளையாடி, காவல்காரரைச் சமையலறை இருட்டில் தள்ளிவிட்டேன். இரண்டே வாரத்தில் முப்பத்தொன்பது மாடி ஆயிற்று. நாற்பதாவது அவள் வேலை பார்த்த அந்த ஆபீஸ். அங்கே மாட்டிக்கொண்டாள்.

முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் உதட்டைக் கடித்தாள். மூன்றாம் நாள் தட்டில் சோறு ஆறிப்போனது. "நீ வரைஞ்சதுதானே, உனக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"பேர் கிடையாதுன்னு சொன்ன மறுநாள் வரைஞ்சதுடி இது. பழசைக் கிழிச்சுப் போட்டுட்டு, ஒரே ராத்திரியில வரைஞ்சேன். என் பேர் இல்லாத பட்டியலை எவனும் சுலபமாப் பார்த்துடக் கூடாதுன்னு வரைஞ்சேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கல." மூக்கைச் சிந்தினாள். "அன்னிக்கு அவங்களை வெளிய நிறுத்தப் போட்ட பூட்டு. இன்னிக்கு நானே வெளிய நிக்கறேன்."

புரோகிராமர் போனில் பேசினார். பழைய தாள் அவரிடமும் இல்லை. நேராகப் பட்டியலுக்குத் தாவுகிற மாதிரி ஒரு குறுக்குவழி செய்து தரட்டுமா என்று கேட்டார். அக்கா, "வேண்டாம் சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆறாவது நாள் நான் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எங்கேதான் இடிக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

சொன்னாள். மற்ற அறைகளில் ஸ்விட்ச் கதவோரம் இருக்கிறது. அணைத்துவிட்டு வெளிச்சத்தில் கால் வைத்து வந்துவிடலாம். முதலாளி அறையில் மட்டும் ஸ்விட்ச் மேஜைக்குப் பின்னால், மூலையில். அணைத்தால் கதவுக்கு வர மூன்றடி இருட்டில் நடக்க வேண்டும், நடந்தால் தோல்வி. அந்த அறை வாசலை ஒட்டி இருப்பதால் அதைக் கடைசிக்கு விட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. எல்லாவற்றையும்விட உள்ளே தள்ளி இருப்பது டைப்பிஸ்ட் ஹால், ஆகவே தொடக்கம் அங்கே. ஆபீசிலும் அதுதான் வழக்கம். ஹால் விளக்கு முதலில், முதலாளி விளக்கு கடைசியில்.

எனக்கு அந்தச் செத்த மனிதன் மேல் மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது. "கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உட்கார்ந்திருப்பானாம், ஆனா நீ சாப்பாட்டு நேரத்துல வரையறது மட்டும் அவன் கண்ணுல பட்டுடுமாம். எப்படித்தான் பார்த்தானோ, படுபாவி!"

"நடுவுல கண்ணாடிச் சுவருடி. ஹால்ல யார் என்ன பண்றாங்கன்னு அவருக்கு..."

அக்கா நிறுத்தினாள். திரைக்கு அருகில் குனிந்தாள். முதலாளி அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்தாள். மற்ற சுவர்களெல்லாம் கெட்டிக் கோடு, அது மட்டும் புள்ளிப் புள்ளியாக இருந்தது. இத்தனை நாளும் பழைய கேம், எங்கேயோ நிறம் போயிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். கண்ணாடிக்கு நடுவிலேயே நாளெல்லாம் வேலை பார்க்கிறவள்!

"ஹால்ல விளக்கு எரிஞ்சா அவர் அறைக்குள்ள வெளிச்சம் விழும்" என்றாள் மெதுவாக. "அப்படின்னா ஹாலை அணைக்கறதுக்கு முன்னாடி... எல்லாத்துக்கும் முன்னாடி... அவர் விளக்கைத்தான் முதல்ல அணைக்கணும்."

"அணைடி!" என்று கத்திவிட்டேன். அக்காவை 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

காவல்காரர் நேராக முதலாளி அறைக்குள் போனார், மேஜையைச் சுற்றினார், அணைத்தார். அறை இருண்டது. ஆனால் கண்ணாடி வழியாக மஞ்சளாக ஒரு பட்டை வெளிச்சம் தரையில் விழுந்தது. அதன் மேல் மூன்று அடி வைத்து வெளியே வந்தார். அதற்குப் பிறகு ஹால், சரக்கறை, வராந்தா என்று ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியில் வாசல் கதவு திறந்தது.  

பட்டியல் ஓடியது. முதலாளி போனார், புரோகிராமர் போனார். அடுத்து 'மாடிகள் ஆறு முதல் நாற்பது வரை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, இனிஷியலோடு, அவள் முழுப் பெயர். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னாள். மாப்பிள்ளையின் 'ஆலோசனை' உட்பட எல்லாவற்றையும் படித்து, திரை கறுத்த பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலக் கடையைத் திறந்து விமர்சனங்களில் திட்டுகளை முதலில் படித்தாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். எவனோ ஒருத்தன், முகம் தெரியாதவன், நாற்பதாவது மாடியில் ஒன்பது நாள் கிடந்து முடித்தவன், பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறான். அக்காவின் பெயரை முழுசாகப் போட்டு, இந்த அம்மா கையில் இனி யாரும் பென்சில் கொடுக்காதீர்கள், மனசாட்சியே இல்லாத பொம்பளை என்று அரைப் பக்கம் திட்டியிருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யாருக்கா அவன்? பதில் போடு, நான் சொல்றேன், எழுது!"

அக்கா அதை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சும்மா இருடி. எவ்வளவு திட்டினாலும் இனிஷியலைச் சரியாப் போட்டிருக்கான் பாரு."