வெளிநாட்டு வங்கிக்குப் போன தாலிச் சங்கிலி

எங்கள் பக்கத்தில் நகை கழுத்தில் இருப்பதைவிட வங்கியில் இருப்பதுதான் அதிகம். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் உள்ளே போகும், அறுவடையானால் வெளியே வரும். நிலம் கோயிலுடையது, குத்தகை எங்களுடையது, வழக்கு இருவருக்கும் பொது. அதனால் நிலத்தைக் காட்டி அப்பாவால் கடன் வாங்க முடியாது. கூட்டுறவுச் சங்கத்துக் கடனோ ஆளும் கட்சிக்காரர்களின் மாமன் மச்சான்களுக்கே போதவில்லை. மிச்சம் அம்மாவின் தாலிச் சங்கிலிதான். வருஷா வருஷம் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பாள்.

நாடு திவாலாகும் நிலைக்கு வந்தபோது அரசாங்கமே தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்தது. பேப்பரில் படித்த அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "டெல்லியிலயும் நடவு போலருக்கு" என்றார்.

பிறகு வங்கிச் சீர்திருத்தம் வந்தது. நஷ்டத்தில் ஓடுகிறது என்று எங்கள் ஊர்க் கிளையை மூடினார்கள். தஞ்சாவூரில் ஒரு வெளிநாட்டு வங்கி திறந்தார்கள். நமக்கு நல்லது செய்வதில் அவ்வளவு அவசரம்.

அந்தக் குறுவைக்கு நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவுக் கூலிக்குப் பணமில்லை.

"அரசாங்கத்து நகையவே வாங்கிக்கிட்டவன், நம்மளத வேணாம்னா சொல்லப் போறான்?" என்று அப்பா சங்கிலியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கல்லூரியில் பொருளாதாரம் படித்த நானும், ஏதோ தெரிந்தவன் போலக் கூடப் போனேன்.

குளிரூட்டிய அறையில் டை கட்டிய அதிகாரி சங்கிலியைத் தொடக்கூட இல்லை. "நகைக்கடன் கொடுக்கிறதில்லைங்க. வீட்ல யாராவது துபாய்ல இருக்காங்களா? டெபாசிட் போடலாம். கார் லோன் வேணும்னா சொல்லுங்க."

"காரை வச்சு நாத்து நட முடியுங்களா?" என்று அப்பா கேட்டார். கிண்டல் இல்லை. முடியும் என்றால் வாங்கியிருப்பார்.

அன்றே சங்கிலி கடைத்தெரு அடகுக்கடைக்குப் போனது. வட்டி பழைய வங்கியைப் போல இரண்டு மடங்கு. நட்டோம். கதிர் வரும் நேரத்தில் ஆறு வறண்டது. தண்ணீருக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. விளைந்தது வட்டிக்கே காணவில்லை. சங்கிலி மூழ்கிப் போனது.

தை மாதம் அதே வங்கியிலிருந்து ஓர் இளைஞன், துபாய்ப் பணம் வரும் வீடுகளைத் தேடிக்கொண்டு ஊருக்கு வந்தான். எங்கள் வீட்டையும் அப்படி நினைத்துவிட்டான் பாவம்.

"உங்க நகையெல்லாம் வைக்க எங்ககிட்ட லாக்கர் இருக்கும்மா. ரொம்பப் பாதுகாப்பு" என்றான் அம்மாவிடம்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அம்மா மஞ்சள் கயிற்றைப் புடவைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"எங்களுது பத்திரமாத்தான் இருக்கு தம்பி. மோர் குடிச்சிட்டுப் போங்க."

அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.