கையை நீட்டு, வாயைத் திறக்காதே

திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு 1986இல் நர்ஸ் வேலைக்கு வந்த கனகமாலாவைப் பற்றி அங்கே ஒரு குறை உண்டு. வலியில் துடிக்கிறவளின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "சுகப் பிரசவம் ஆயிடும்னு ஒரு வார்த்தை சொல்லேம்மா" என்று கெஞ்சினாலும் சொல்ல மாட்டாள். "நான் விடியற வரைக்கும் பக்கத்துலயே இருக்கேன்" என்பாள். சொன்னபடி இருப்பாள். கர்வம் என்று நினைத்தவர்கள் உண்டு. அவள் வளர்ந்த வீட்டைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

அப்பா தர்மசந்திர நயினாருக்குப் போளூர்ப் பக்கத்தில் மூன்று காணி நிலம். ஊரில் இருபது ஜைனக் குடும்பங்கள், ஒரு கோயில், ஐந்தாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாவது முடித்த பெண்கள் களை எடுக்கப் போனார்கள். 1976 ஜூனில் கனகமாலாவை மட்டும் திருவண்ணாமலையில் ஆறாவதில் சேர்த்து, தேரடிக்குப் பக்கத்தில் அத்தை குணமதி வீட்டில் விட்டுவிட்டுப் போனார் நயினார். அவளுக்கு அப்போது பதினோரு வயது.

அந்தப் பெண்கள் பள்ளியில் தினமும் காலையில் வரிசையாக நின்று, வலது கையை நேராக நீட்டி, நாட்டு உறுதிமொழி சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியை வேதா அம்மாளுக்கு இங்கிலீஷ் மேல் பிரியம், உறுதிமொழியும் இங்கிலீஷில்தான். கனகமாலாவுக்கு ஏபிசிடியே தடுமாற்றம். ஆனாலும் பத்தே நாளில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நயினார் அரிசியும் கத்தரிக்காயும் கொண்டுவந்தார். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கனகமாலா எதிரில் நின்று, கையை நீட்டி, மூச்சு விடாமல் முழுவதையும் சொல்லிக் காட்டினாள்.

"இன்னாம்மா இது?"

"உறுதிமொழிப்பா. தினம் சொல்றோம்."

"இன்னான்னு உறுதி எடுத்துக்கினே?"

"தெரியாது."

நயினார் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் உறுதி என்றால் ஏதோ ஒன்றை விடுவது. அம்மா மழைக்காலம் நான்கு மாதமும் கீரையை விட்டுவிடுவாள். நயினார் அட்டமி, சதுர்த்தசியில் உப்பை விடுவார். எதை விடுகிறோம், எத்தனை நாளைக்கு என்று ஒருவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லித்தான் எடுத்துக்கொள்வார்கள். சொன்னால் அது சொன்னதுதான்.

"எதை விட்டிருக்கே, எத்தினி நாளைக்குன்னு தெரியாமலே தினம் தினம் சொல்லிக்கினு இருக்கியா?"

குணமதி சிரித்தாள். "அண்ணா, ஸ்கூல்ல எல்லாப் பொண்ணுங்களும் சொல்லுது. நீ சோத்தைத் தின்னு."

"மத்த பொண்ணுங்க வீட்டுல கேட்டிருப்பாங்க. நமக்கு இங்கிலீஷ் தெரியாதே." மகள் பக்கம் திரும்பினார். "அர்த்தம் தெரியற வரைக்கும் கையை நீட்டு, அதுல தப்பில்ல. வாயை மட்டும் திறக்காத."

அடுத்த நாளிலிருந்து கனகமாலா கையை மட்டும் நீட்டினாள். பக்கத்தில் நின்ற கஸ்தூரிதான் முதலில் கவனித்தாள். "ஏண்டி, வாயில கொழுக்கட்டை அடைச்சிக்கினு வந்திருக்கியா?" என்று மூன்று நாள் கேட்டாள். நான்காம் நாள் அவள் சிரித்த சிரிப்பில் வேதா அம்மாளே வரிசைக்குள் நடந்து வந்துவிட்டார்.

"நீ ஏன் சொல்லல?"

கனகமாலா நீட்டிய கையை இறக்காமல் கேட்டாள். "டீச்சர், இதுல எதை விடணும்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. வேதா அம்மாளின் முகம் சிவந்தது. "திமிரா? நாளைக்கு உங்க அப்பா வரணும். வரலைன்னா டீசியை வாங்கிக்கினு ஊர் போய்ச் சேரு."

இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் என்றால் களைக்கொத்து. பெரியப்பா மகள் ஐந்தாவது முடித்துப் போனவள்தான். பதினாறு வயதில் கல்யாணமும் ஆகிவிட்டது.

காலையில் போளூர் பஸ்ஸில் சொல்லியனுப்பி, நயினார் வந்துசேரச் சாயங்காலம் நாலரை ஆகிவிட்டது. தோளில் துண்டு, கக்கத்தில் ஒரு துணிப்பை. வேதா அம்மாள் தன் அறையில் நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க பொண்ணு நாட்டு உறுதிமொழி சொல்ல மாட்டேங்குது. நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்களாம்."

"ஆமாங்கம்மா. தெரியாம சொல்லாதன்னேன். தப்பு எம்மேலதான், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரே ஒரு தரம் அதைத் தமிழ்ல சொன்னீங்கன்னா நானும் கேட்டுக்குவேன்."

வேதா அம்மாள் பத்து வருஷமாக அதைச் சொல்லிவந்தவர். தமிழில் சொல்ல வாயெடுத்து, கொஞ்சம் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியா என் நாடு என்றார். நயினார் மகளைப் பார்த்து, "முடியுமா?" என்றார். அவள் தலையாட்டினாள். இந்தியர் எல்லாரும் என் உடன்பிறந்தவர்கள் என்றார்.

"கஸ்தூரியுமா டீச்சர்?"

"கஸ்தூரியுந்தான்."

கனகமாலா கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். "சரி, முடியும்."

பெரியவர்களுக்கு மரியாதை, முடியும். எல்லாரிடமும் பணிவு, முடியும். கடைசியாக, என் நாட்டு மக்கள் நன்றாக இருப்பதில் மட்டும்தான் என் சந்தோஷம் என்று சொல்லி முடித்தார் வேதா அம்மாள்.

கனகமாலா தரையைப் பார்த்தாள். "மட்டும்னா முடியாதுப்பா."

"ஏம்மா?"

"ஸ்கூலுக்கு வர்றது எனக்குச் சந்தோஷம். அது எனக்கு மட்டுந்தானே."

வேதா அம்மாள் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார்.

நயினார் கைகூப்பினார். "எங்கள்ல வழக்கம் ஒண்ணு உண்டுங்கம்மா. சாமியாருங்கதான் முழுசா எடுத்துக்குவாங்க. குடும்பத்துல இருக்கிறவங்க முடிஞ்ச அளவுக்கு எடுத்துக்கலாம். அந்த ஒரு வரியை விட்டுட்டு மத்ததை எடுத்துக்கட்டுங்களா?"

"முன்னூறு பொண்ணுங்க சொல்ற சத்தத்துல ஒருத்தி ஒரு வரியை விட்டா யாருக்குங்க தெரியப்போவுது?"

"தெரியாதுங்க. அதான் உங்களண்ட சொல்லிட்டுப் போலாம்னு கேக்கறேன். எத்தினி நாளைக்குன்னும் நீங்கதான் சொல்லணும்."

வேதா அம்மாள் கனகமாலாவைப் பார்த்தார். எண்ணெய் வழியும் தலை, தொளதொளவென்ற பாவாடை, நகத்தில் மை.

"எஸ்.எஸ்.எல்.சி. முடியற வரைக்கும்" என்றார். "நடுவுல நிறுத்தக் கூடாது. நீங்களும் நிறுத்தக் கூடாது, நயினார்."

"இல்லைங்க" என்றார் அவர். அதுவும் வாய்விட்டுச் சொன்னதுதான்.

வெளியே வந்தபோது தெருவெல்லாம் நிழல். நயினார் மேற்கே மலையைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் சாப்பிட்டிருக்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டால், ஜைன முறைப்படி, மறுநாள் வெளிச்சம் வரும்வரை தண்ணீர்கூடக் கிடையாது.

"போச்சு, இருட்டிடுச்சு."

"இல்லப்பா. இங்க வெயில் சீக்கிரம் மலைக்குப் பின்னாடி போயிடும். பொழுது இன்னும் போகல. அங்க பாரு."

கிழக்கே, ஊருக்கு வெளியே, தூரத்துத் தென்னைகளின் தலையில் வெயில் மஞ்சளாக இருந்தது. நயினார் அதை நம்பலாமா என்று நின்று பார்த்தார். பஸ் ஸ்டாண்டு கடையில் கனகமாலா நாலு வாழைப்பழம் வாங்கி, ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தாள். அவர் தென்னை உச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவசரமாகத் தின்றார்.

"ஜாஸ்தி அவசரப்படாதப்பா, விக்கிக்கும்."

போளூர் பஸ் வந்தது. கக்கத்திலிருந்த துணிப்பை நழுவிக் கீழே விழுந்தது. கனகமாலா எடுத்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"எதுக்குப்பா காலிப் பை?"

"உன் துணிமணியெல்லாம் எடுத்துக்கினு போக வேண்டியிருக்குமேன்னு" என்று சொல்லிவிட்டு, அதை வாங்கி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.