மூன்றாம் மாடிக் கடல்

எங்கள் மினாஸ் மாநிலத்துக்கு ஆண்டவன் மலையைக் கொடுத்தான், இரும்பைக் கொடுத்தான், நல்ல பாலாடைக்கட்டியும் கொடுத்தான். கடலை மட்டும் கொடுக்க மறந்துவிட்டான். மற்றவர்கள் ஜனவரி மாதம் குடும்பத்தோடு பஸ் ஏறி குவாராபாரி கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வருவார்கள். ஜந்திரா அளவு நாடாவை எடுத்தாள்.

பெலோ ஒரிசோன்தி நகரில் மணப்பெண்களுக்கு உடை தைப்பவள் ஜந்திரா. ஒருமுறை தெர்சியு என்ற மின்வேலைக்காரரின் மகளுக்கு அளவு பார்க்கப் போனாள். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, பாறை மேல் பவளம். பவளம் என்றால் கழுத்தில் போடுகிற மணி இல்லை, உயிருள்ள பவளம். மஞ்சளும் ஊதாவுமாக விரல் விரித்து, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் அசைந்தது. வாயில் கடித்திருந்த குண்டூசிகளோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். மணப்பெண் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்று அலுத்துப் போனாள்.

“இது வளருமா?” என்றாள் ஜந்திரா.

“வளரும். ஆனா அவசரப்பட்டா செத்துடும்,” என்றார் தெர்சியு.

அவசரமா, ஜந்திராவுக்கா? பதறாத காரியம் சிதறாது என்பதைக் கரைத்துக் குடித்தவள் அவள். கத்தரியை எடுக்குமுன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பாள், பிறகு மலிவுத் துணியில் தைத்துப் பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் பட்டைத் தொடுவாள். தொட்டிக்கும் அதே கதை. பழைய அட்டைப்பெட்டிகளை ஒட்டி, தான் நினைத்த அளவில் ஒரு தொட்டி செய்து கூடத்தில் வைத்தாள். ஆறு மாதம் அந்த அட்டைக்கடல் வீட்டில் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், தையல் மிஷினில் இருந்தபடி பார்த்தாள். பிற்பகல் வெயில் அதன் மேல் விழுகிறது என்று கண்டு வேறு சுவருக்கு மாற்றினாள். ஆழம் எவ்வளவு வைப்பது என்று எல்லாரும் குழம்புகிற இடத்தில் அவள் குழம்பவே இல்லை. தன் கையை அக்குள்வரை அளந்தாள். அடியில் விழுந்ததை எடுக்க எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கணவன் அதால்டோ பஸ் ஓட்டுகிறவன். நகரத்துச் சந்துகளில் அவ்வளவு பெரிய பஸ்ஸை உரசாமல் திருப்புகிறவன், வீட்டுக்குள் அட்டைப்பெட்டியில் தினமும் முட்டிக்கொண்டான்.

“அடியே, தண்ணி வர்றதுக்கு முன்னாடியே என் முழங்கால் செத்துடும் போல!”

“எந்த மூலையில முட்டிக்கிறீங்க? காட்டுங்க.”

காட்டினான். அந்த மூலையை மட்டும் வளைவாக மாற்றி வரைந்தாள். உலகத்தில் ஒருவனுடைய முழங்காலுக்காக வளைத்த கடல் அது ஒன்றுதான் இருக்கும்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய அடியில் இன்னொரு தொட்டி வேண்டும். மின்சாரம் போனால் மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அது தரையில் வழியாதபடி கீழே இடம் விட்டாள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று குழாயடியில் எழுதி ஒட்டினாள். ஆபத்துக்கு என்று கலந்த உப்புத்தண்ணீர் ஒரு பீப்பாய் எப்போதும் குளியலறையில் நிற்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. அதால்டோ அன்றிலிருந்து பக்கவாட்டில் நின்று குளித்தான், பாவம்.

மிச்சம் ஒரே தடை. கீழ்வீட்டு வல்தோமிரு.

வல்தோமிரு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய சாப்பாட்டு மேசை ஜந்திராவின் அட்டைக்கடலுக்கு நேர் கீழே இருந்தது. பெண்ணுக்குத் தோனா, ஆணுக்குச் சேயு என்று மரியாதை சேர்த்துத்தான் எங்கள் பக்கத்தில் சண்டையும் போடுவோம்.

“தோனா ஜந்திரா, நான் பீன்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது உங்க கடல் என் தட்டுல விழணுமா?”

“சேயு வல்தோமிரு, உத்தரத்து மேலதான் வைக்கிறேன். பொறியாளரே வந்து பாத்துட்டார்.”

“பொறியாளர் என் வீட்டுல சாப்பிடலையே!”

மனுஷன் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஜந்திரா யோசித்தாள். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து பத்து ஆள் கனம். ஜூன் மாதத் திருவிழா வந்தது. தெருவில் ஆடும் ஆட்டத்தை அந்த வருஷம் தன் கூடத்துக்கே கூப்பிட்டாள். அந்த மூலையில் மட்டும் ஆட வேண்டும், ஒல்லியானவர்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்பு. எங்கள் கட்டடத்தில் பருத்தவர்களுக்கு என்றைக்குப் பஞ்சம்! வைக்கோல் தொப்பியும் ஒட்டுப்போட்ட சட்டையுமாகப் பதினைந்து பேர் அக்கார்டியனுக்குக் குதித்தார்கள். வல்தோமிருவின் மனைவி இவோனிதான் எல்லாரையும்விட உயரக் குதித்தாள். கீழே வல்தோமிரு நாற்காலி போட்டு, தலைக்கு மேலே டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பொட்டு சுண்ணாம்பு உதிரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவர் மேலே வந்து, “கடலை வச்சுக்க பொண்ணே. என் பொண்டாட்டியையே தாங்கின தரை,” என்றார். இவோனி அவர் தொப்பியைப் பிடுங்கி அவரையே அடித்தாள்.

தொட்டி வந்தது. கல்லும் தண்ணீருமாகவே பல மாதம் கிடந்தது. “கல்லுக்கா இத்தனை கூத்து?” என்று கேட்டார்கள். நரம்பில்லாத நாக்கு, கேட்கத்தான் கேட்கும். தண்ணீர் பக்குவப்பட வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு ஒருநாள் தெர்சியு தன் தொட்டியிலிருந்து பச்சைக் கிளைப்பவளம் ஒன்றை ஒடித்துக் கொண்டுவந்தார். சுண்டுவிரல் நகம் அளவு. ஒட்டவைத்தாள். ஐந்து வருஷத்தில் அது பூசணிக்காய் அளவுக்கு விரிந்து, நுனியெல்லாம் பச்சையாய் எரிந்தது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதில் ஒரு கிளை ஒடித்துக் கொடுப்பாள். உப்புத்தண்ணீர்க்காரர்கள் வழக்கம் அது.

தினமும் வந்து உட்கார்ந்து பார்த்தவர் யார் தெரியுமா? வல்தோமிரு. தொட்டி விழும் என்ற மனுஷன் தொட்டி முன் காபிக் கோப்பையோடு தவம் கிடந்தார். ஜந்திரா வெளியே போகும்போது பார்த்துக்கொள்ள அவரிடமே ஒரு சாவி கொடுத்திருந்தாள்.

ஐந்தாம் வருஷம் டிசம்பரில் இவோனி ஆஸ்பத்திரியில் படுத்தாள். இதயம். புத்தாண்டு கழிந்த மறுநாள் அறுவை சிகிச்சை. வல்தோமிரு ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி குவாராபாரி போய், வெள்ளை உடுத்தி, கடலம்மா இயெமாஞ்சாவுக்குப் பூவும் வாசனைத் தண்ணீரும் கொடுத்து வருகிறவர். இந்த வருஷம் மனைவியை விட்டு எங்கே போவது?

முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல். அவசரமாக ஒரு மணப்பெண்ணின் உடையில் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்த ஜந்திராவுக்குப் படியேறும்போதே லாவெண்டர் வாசம் அடித்தது. கதவு திறந்திருந்தது. கீழ்த்தொட்டியிலிருந்து நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. தொட்டியில் வெள்ளைப் பூக்கள் மிதந்தன. முழு வெள்ளையில் வல்தோமிரு கைகூப்பி நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, தோனா ஜந்திரா! கடலம்மா என் தலைக்கு மேலயே குடியிருக்கா, நான் வேற எங்கயோ தேடிக்கிட்டு இருந்தேன்.”

அவள் தொட்டியைப் பார்த்தாள். பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. பச்சைக் கிளையிலிருந்து சளி நூல்நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு ஊத்தினீங்க?”

“முழு பாட்டில். இவோனிக்காச்சே, கஞ்சத்தனம் பண்ணுவேனா?”

அவள் வாயில் என்னென்னவோ வந்தது. தைக்கிறவள் வாய், ஊசிகளை விழுங்காமல் வைத்திருக்கப் பழகிய வாய். அத்தனையையும் உள்ளேயே நிறுத்தினாள். மின்சாரம் போனால், குழாய் வெடித்தால், தரை அசைந்தால் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டவள், ஒரு மனுஷன் வேண்டுதலோடு வருவான் என்று மட்டும் நினைக்கவில்லை.

தெர்சியுவுக்குப் போன் போட்டாள். தண்ணீரில் பெரும்பாதியை மாற்ற வேண்டும், தன்னிடம் இருப்பது ஒரு பீப்பாய். அதிக நேரம் ஆகவில்லை, ஊரில் உள்ள உப்புத்தண்ணீர்க்காரர்கள் எல்லாம் புத்தாண்டுச் சமையலைப் பாதியில் விட்டு, அன்றைக்கென்று எல்லாரும் உடுத்துகிற வெள்ளை உடுப்பிலேயே தத்தம் வீட்டில் கலந்துவைத்திருந்த தண்ணீரைப் பீப்பாய் பீப்பாயாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். தெர்சியு குழாயைப் போட்டு அழுக்குத் தண்ணீரை வாளியில் இறக்கினார்.

அப்போதுதான் வல்தோமிருவுக்கு விளங்கியது. முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்க் குளியலறை வாசலில் கையை விரித்து நின்றார்.

“நான் பண்ணினது தப்பு, என்னை அடிங்க. ஆனா அதைச் சாக்கடையில கொட்டாதீங்க! அது இவோனியோட உயிர். திருப்பி எடுத்தா அவ எழுந்துக்க மாட்டா!”

“தள்ளுங்க சேயு வல்தோமிரு, ஒவ்வொரு நிமிஷமும் செத்துக்கிட்டு இருக்கு!” என்று கத்தினார் தெர்சியு. கிழவர் அசையவில்லை. தள்ளிவிட்டுப் போக ஒருவருக்கும் மனசு வரவில்லை.

ஜந்திரா வாளியோடு அவர் முன்னால் வந்தாள்.

“நீங்க லாரி ஓட்டின ஊர்தானே? சொல்லுங்க. இந்தத் தண்ணி இங்கேருந்து எங்க போகும்?”

“...அர்ருதாஸ் ஓடைக்கு.”

“அது?”

“வேல்யாஸ் ஆத்துல சேரும்.”

“அது?”

“சாவ் பிரான்சிஸ்கோ நதியில.” அவர் குரல் இறங்கியது. “அது... கடலுக்கு.”

“என் தொட்டியிலயே கிடந்தா உங்க வேண்டுதல் மூணாம் மாடியிலயே நின்னுடும். நீங்களே அனுப்பி வைங்க.”

வல்தோமிரு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை வாங்கினார். ஒவ்வொரு வாளியையும் அவர்தான் சுமந்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொன்றையும் ஊற்றும்போது மனைவியின் பெயரைச் சொன்னார். புது உப்புத்தண்ணீர் நிரம்பி, மிச்ச வாசனையை உறிஞ்சக் கரித்தூள் பையும் போட்டு முடிக்கும்போது வெளியே வாணவேடிக்கை ஆரம்பித்துவிட்டது.

மற்ற பவளங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பச்சைக் கிளை மட்டும் விரியவில்லை. சில நாளில் அடியிலிருந்து நுனிவரை வெறும் வெள்ளை எலும்பாகிவிட்டது. ஜந்திரா அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதால்டோ கதவுக்கு வெளியே, அடுப்படியில் இருக்கிற காபிப் பாத்திரத்தைக் கூடத்தில் தேடிக்கொண்டிருந்தான்.

ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள் கழிந்து இவோனி வீட்டுக்கு வந்தாள். மெதுவாக, ஆனால் தன் காலால் நடந்து வந்தாள். அன்று மாலை வல்தோமிரு மேலே ஏறி வந்து, தொட்டி முன்னால் நின்று வெள்ளை எலும்பையே பார்த்தார்.

“கடலம்மா அதை எடுத்துக்கிட்டு இவளைக் குடுத்துட்டா, தோனா ஜந்திரா.”

ஜந்திராவுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. கீழ்வீட்டிலிருந்து இவோனி யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது.

“இவோனிக்கு அதுதான் விலைன்னா, மலிவுதான்,” என்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த வாரம் தெர்சியு வரப்போகிறார். அவள் எப்போதோ ஒடித்துக் கொடுத்த கிளை ஒன்று அவர் வீட்டில் தழைத்திருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மறுபடியும் ஐந்து வருஷம்.

ஜந்திரா சாவியை எடுத்து அவர் பையிலேயே திரும்பப் போட்டாள்.

“நாளைக்கு ஒரு பொண்ணுக்கு அளவு பாக்கப் போறேன். தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்துங்க. நல்ல தண்ணி மட்டும், சேயு வல்தோமிரு.”